ஒண்டிக்கட்டைக்கு என்ன செலவு?

அம்பாங்கான்

அன்புத் தம்பி,

உன் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: "சார், தனியாளுக்குக் கொடுக்கிற காசைத்தான் எப்பவும் முதல்ல வெட்டுறாங்க, ஏன்?" பதில் எழுதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் பெரியவர் ஒருவர், "ஒண்டிக்கட்டைக்கு என்ன செலவு? நாலு பசங்க சேர்ந்து ஒரே வீட்ல கிடந்தா வாடகையே தெரியாது" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் காசின் கதை. மாதாமாதம் வாடகைக்கென்றே தருகிற உதவித்தொகை நம் மலேசியாவில் இல்லை. பிரிம் என்று அரசு தந்த ரொக்க உதவியைத்தான் வாடகைக்கும் அரிசிக்கும் மோட்டார் இன்சூரன்சுக்கும் பிரித்துக்கொண்டார்கள். 2013-இல் தனியாட்களுக்கு 250 வெள்ளி. 2017-இல் 450. அரசு மாறியது, 2018-இல் பிரிம் போய் பி.எஸ்.எச். என்ற உதவி வந்தது, அந்த நவம்பர் பட்ஜெட்டில் இளம் தனியாட்கள் பட்டியலில் இல்லை. அடுத்த பட்ஜெட்டில் 40 வயது தாண்டிய தனியாட்களுக்கு 300 வெள்ளி என்றார்கள். 21 வயதுக்காரன் பட்டியலுக்குத் திரும்பியது 2021-இல், 350 வெள்ளியோடு. 2024-இல் எஸ்.டி.ஆர். பெயரில் அது 500 ஆனது. அறிக்கை படிக்கிற அமைச்சர் யாராக இருந்தாலும், கை வைக்கச் சுலபமான இடம் தனியாள் என்ற இந்தப் பெட்டிதான்.

450-ஐ 12-ஆல் வகுத்துப் பார்த்தாயா? மாதம் 37 வெள்ளி 50 காசு. 500 என்றால் 41 வெள்ளி சொச்சம். உன் வயதுப் பிள்ளைகள் இந்தக் காசு வருகிற மாதத்தில் மட்டும் பெரிய அறைக்கு ஆசைப்படுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. ஆண்டுக்குச் சில தவணையாக வருகிற காசை மாத வாடகையில் சேர்க்காதே. டெப்பாசிட்டுக்கென்று தனியே போட்டு வை. அது நின்றாலும் உன் தலைக்கு மேல் கூரை நிற்கும்.

இனி உன் கேள்வி. தனியாளை முழு ஆளாக எண்ணும் வழக்கம் எந்த அரசாங்கத்துக்கும் இல்லை என்பது என் நெடுநாள் கட்சி. இங்கிலாந்தில் 1996 அக்டோபரில் ஒரு விதி வந்தது. 25 வயதுக்குக் கீழே உள்ள தனியாள் தனி வீட்டில் இருந்தாலும், பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு என்ன வாடகையோ அந்தக் கணக்கில்தான் உதவி. 2012 ஜனவரியில் அந்த வயதை 35 ஆக்கினார்கள். 34 வயதுக்காரனும் சமையலறையைப் பங்கு போட வேண்டியதுதான். இங்கே 2015 பட்ஜெட்டில் இளைஞர் வீட்டுத் திட்டம் என்று அறிவித்தார்கள்: முதல் இரண்டு ஆண்டு மாதம் 200 வெள்ளி உதவி, 25 முதல் 40 வயது வரை, குடும்ப வருமானம் 10,000 வெள்ளி வரை. ஆனால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டுமாம்! 10,000 வெள்ளி சம்பாதித்த தம்பதிக்குக் கை கொடுத்தார்கள், 1,500 வெள்ளிப் பையன் பெண் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. பி.பி.ஆர். வீட்டு வாடகை மாதம் 124 வெள்ளி, மூன்று அறை. அதுவும் குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டியதுதான்.

தோட்டத்து லயத்திலும் இதே கதைதான். குடும்பம் இருந்தால் ஓர் அறை, கல்யாணம் ஆகாதவர்களை ஒன்றாகப் போட்டு ஓர் அறை. துரை, கிராணி, மண்டோர் எல்லோர் கணக்கிலும் தனியாள் என்றால் அரை ஆள், கால் ஆள். இந்த எண்ணத்துக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: தனியாளுக்குத் திரும்பிப் போக அம்மா வீடு இருக்கிறது என்பது.

தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மா வீடு எங்கே இருக்கிறது? உன் அப்பா செம்பனைக் குலை வெட்டும் வரை அது உங்கள் வீடு. பணி ஓய்வு பெற்ற பிறகு அது நிர்வாகத்தின் வீடு. 1990-இல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் லயத்து வீட்டுக்குத் தரம் வகுத்தது, தண்ணீர், கழிப்பறை பற்றிப் பேசியது. வேலை போனபின் அந்த வீட்டில் இருக்கும் உரிமையை அது தரவில்லை. புத்ராஜெயாவுக்காகப் பெராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது அந்த மக்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவர் விரிசல் விட்ட கதையையும், தரைவீடு கேட்டு அவர்கள் நடையாய் நடந்த கதையையும் நீ பத்திரிகையில் படித்திருப்பாய். அங்கே வளர்ந்த பையனிடம் போய் "உனக்கென்ன, அப்பா வீடு இருக்கே" என்று சொல்லிப் பார்க்கட்டும் அந்தப் பந்திப் பெரியவர்.

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன். பேராசிரியர் உங்கு அஜிஸ் 1960களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டத் துண்டாடல் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதினார், 1951 முதல் 1960 வரை நடந்தது பற்றி. அதை நான் இன்னும் எடுத்துப் புரட்டுவதுண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்புகின்றன, வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கிறார்கள், பால்வெட்டுத் தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போகிறது. பொருளாதாரப் புத்தகம்தான், ஆனாலும் படிக்கும்போது எனக்கு நம் பக்கத்து லயங்களே கண்ணில் நிற்கும்.

அதற்கு அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் கண்ட மருந்து என்ன? 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு 100 வெள்ளி, தொழிலாளி மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சர் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். பால்வெட்டுக்காரன் கையில் அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது சின்னக் காசா? "காசைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான்" என்று பயந்தவர்கள் உண்டு, கொடுத்தவர்களும் உண்டு. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. வெட்டுகிறவனே பங்குதாரன். மானியம் வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை உன் தலைமுறையிடம் நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. உங்களுக்குத்தான் அலுக்கிறது.

அதற்காக மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாளை வெட்டுவது அநியாயம், அதை எழுதியும் பேசியும் கேட்க வேண்டும். ஆனால் இம்மாத வாடகை அதுவரை காத்திருக்காது.

உன் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 187 பிடித்து, சொக்சோவும் போனால் கையில் ஏறக்குறைய 1,500. நீலாயில் மூன்று பேர் சேர்ந்து வீடு பார்ப்பதாக எழுதியிருந்தாய். வாடகை 900 என்று வைத்துக்கொள். வழக்கப்படி இரண்டு மாத டெப்பாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக 3,150, ஆளுக்கு 1,050 முன்னாலேயே வேண்டும். இதற்குச் சேமநிதியின் மூன்றாம் கணக்கைத் தொடுவதாக இருந்தால் யோசி. 2024 மே முதல் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழுகிறது, உன் சம்பளத்துக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 40 வெள்ளி சொச்சம். ஒரே டெப்பாசிட்டில் இரண்டு வருடச் சேர்ப்பு காலி.

மூன்று பேர் வீடு என்றால் இரண்டு பேர் கட்டக்கூடிய வாடகையாகப் பார். ஒருவன் சிங்கப்பூருக்குப் போவான், ஒருவன் கல்யாணம் செய்வான், வீட்டுக்காரருக்கு மீதி இருவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் மூவர் பெயரிலும் இருக்கட்டும். ஒருவன் பெயரில் எழுதிவிட்டு மற்றவர்கள் அவனிடம் காசு கொடுக்கும் ஏற்பாட்டில், அவன் கட்டாமல் விட்டால் நீங்கள் நடுத்தெருவில். உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வைத்த தாள்தான் நீதிமன்றத்தில் பேசும். "தெரிஞ்ச அண்ணன் சார், தாள் எதுக்கு" என்று மட்டும் எனக்கு எழுதாதே!

இன்னொன்று. வாடகை தவறினால் பூட்டை மாற்றுவேன், கரண்டைப் பிடுங்குவேன் என்று வீட்டுக்காரர் மிரட்டினால் பயப்படாதே. 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7(2)-ஆம் பிரிவுப்படி, குத்தகை முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றம் போய்த்தான் வெளியேற்ற முடியும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் நீக்கிய பிறகு குடியிருப்பவருக்குக் கையில் மிஞ்சியதில் இது முக்கியமானது. பாக்கி வைக்க இதைச் சாக்காக எடுக்காதே. ஒரு மாதம் முடியாவிட்டால் தேதிக்கு முன்பே சொல், வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல். வாடகையை வங்கி வழியாகவே கட்டு, எந்த மாதத்துக்கு என்று குறிப்பும் போடு.

சாவி வாங்குகிற அன்றே தண்ணீர் மீட்டரையும் மின்சார மீட்டரையும் படம் பிடித்துக்கொள், பழைய விரிசல், உடைந்த தாழ்ப்பாள், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் கூட. டெப்பாசிட்டைத் திருப்பிக் கேட்கும் நாளில் அந்தப் படங்கள் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. பக்கம் பக்கமாக, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு, என் கண்ணாடி பழசு.

அன்புடன்,
உன் வாத்தியார்