மார்ச் முதல் கோ வரை: ஒரு சிறு காரின் வகை வேறுபாடுகள்

முன்னுரை

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் இராமாநுசர் அவதரித்த தலம் என்பதே ஒரு காலத்தில் நம் நினைவுக்கு வரும். இன்றோ அத்துடன் தொழிற்சாலைகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அவ்வூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில், வல்லக்கோட்டையை அடுத்து அமைந்துள்ளது ஒரகடம். ஜப்பானின் நிசான், பிரான்சின் ரெனோ ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக அமைத்த கார்த் தொழிற்சாலை இங்கு 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கு முதலில் உருவான கார் 'மைக்ரா' ஆகும். ஒரே கார் எவ்வாறு பல வகைகளாகப் பிரிகிறது என்பதையும், அவ்வேறுபாடுகளில் எவை மேலோட்டமானவை, எவை உயிரோடு தொடர்புடையவை என்பதையும் இங்குக் காண்போம்.

தோற்றம்

மைக்ராவின் தாயகப் பெயர் 'மார்ச்'. 1982 அக்டோபரில் அது ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வெளிநாடுகளில் மைக்ரா எனப் பெயர் பெற்றது. 1992இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கார், 1993ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதினைப் பெற்றது. இவ்விருதினைப் பெற்ற முதல் ஜப்பானியக் கார் இதுவே. மூன்றாம் தலைமுறை 2002இலும், நான்காம் தலைமுறை 2010இலும் வெளிவந்தன. இந்நான்காம் தலைமுறையே ஒரகடத்தில் உருவாகி, எண்ணூர்த் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் சென்றது.

வகைகள் மூன்று

வேறுபாடுகளை மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, தோற்ற வேறுபாடு. ஜப்பானில் முதல் தலைமுறை மார்ச் காரின் அடித்தளத்தின் மீது, பழங்கால அழகுடன் பி-1 (1987), பாவோ (1989), ஃபிகரோ (1991) ஆகிய கார்கள் செய்யப்பட்டன. நம் நாட்டில் 2012இல் வந்த ரெனோ பல்ஸ், முகப்பும் பெயரும் மாறிய மைக்ராவே.

இரண்டாவது, எஞ்சினிலும் நீளத்திலும் அமையும் வேறுபாடு. இதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 2006ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டம், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1200 கன சென்டிமீட்டர், டீசலாயின் 1500 கன சென்டிமீட்டர் வரையிலான எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. இந்திய மைக்ராவின் எஞ்சின்கள் முறையே 1198, 1461 கன சென்டிமீட்டர் அளவின. 2015இல் வந்த டட்சன் கோ பிளஸ், மூன்று வரிசை இருக்கைகள் இருந்தும் 3995 மில்லிமீட்டர் நீளத்துடன் நின்றது. எல்லைக்கு ஐந்தே மில்லிமீட்டர் குறைவு!

மூன்றாவது, கட்டமைப்பிலும் பாதுகாப்பிலும் அமையும் வேறுபாடு. இதுவே நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது.

உயிரும் விலையும்

மைக்ராவின் அடித்தளத்தைக் கொண்டு, குறைந்த விலையில் டட்சன் கோ என்னும் கார் 2014 மார்ச்சில் ஒரகடத்திலிருந்து வந்தது. விலையைக் குறைக்க வேண்டுமாயின் எதையாவது குறைத்தாக வேண்டும் அன்றோ? 2014 நவம்பரில் குளோபல் என்காப் என்னும் அமைப்பு, காற்றுப்பைகள் இல்லாத அக்காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதன் உடற்கூடு உறுதியற்றது எனவும், காற்றுப்பைகளைப் பொருத்தினால் மட்டும் பயன் விளையாது எனவும் அவ்வமைப்பு கருதியது. மைக்ராவோ 2010இல் ஐரோப்பியச் சோதனையில் நான்கு நட்சத்திரங்கள் பெற்றிருந்தது. இரு சோதனைகளின் முறைகளும் ஒன்றல்ல. எனினும் அடித்தளம் ஒன்றானால் பாதுகாப்பும் ஒன்றாகிவிடாது என்பது தெளிவு.

பின்னர் நிலைமை மாறியது. புதிய கார் வகைகளுக்கு மோதல் சோதனை 2017 அக்டோபர் முதலும், ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. 2018இல் திருத்தி வெளியிடப்பட்ட கோ காரில் இரு காற்றுப்பைகள் இடம்பெற்றன. 2023 அக்டோபர் முதல் நமக்கென்றே பாரத் என்காப் தரமதிப்பீடு நடைமுறையில் உள்ளது. மைக்ரா 2020இலும், டட்சன் கார்கள் 2022இலும் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றன.

முடிவுரை

இவ்வட்டாரத்து இளைஞர் பலர் கார்களைச் செய்பவர்கள். நாளை அவற்றை வாங்கப் போகிறவர்களும் அவர்களே. பளபளக்கும் வண்ணமும் பெயர்ப்பலகையும் மேலாடை போன்றவை. எஞ்சின் தசை போன்றது. உடற்கூடோ எலும்பு போன்றது. ஆடையைப் பார்த்து மயங்காமல் எலும்பின் உறுதியைக் கேட்டறிவதே கற்றவர்க்கு அழகு. விற்பனையகத்தில் விலையைக் கேட்குமுன், "இவ்வகை மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் பெற்றது?" என்று கேட்போமாக. அக்கேள்வியைக் கேட்பவர் பெருகினால், செய்பவரும் எலும்பில் சிக்கனம் செய்யத் தயங்குவர்.