கணினி விளையாட்டுக்கான பின்னணி நிலத்தோற்றம் வரைதல்

மாணவர்களே, வீரன் ஒருவன் இடமிருந்து வலமாக ஓடும் கணினி விளையாட்டொன்றுக்கு, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலையைப் பின்னணியாக வரையும் முறையை இப்பாடத்தில் கற்போம். கிம்ப், கிரிட்டா ஆகிய இலவச மென்பொருள்களில் ஒன்று இதற்குப் போதுமானது.

1. அவதானித்தல்

முதலில் வெளியே சென்று பாருங்கள். தூரத்தில் தெரிவது, நடுவில் தெரிவது, அருகில் தெரிவது எனக் கொப்பியில் மூன்று நிரல்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கலண்டர்ப் படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். உதாரணமாக, 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின் திட்டத்துக்கு நீர் திருப்பப்படுவதால், சென்கிளேயர் நீர்வீழ்ச்சியில் முன்போல் நீர் விழுவதில்லை. பழைய படமோ நிறைந்த அருவியையே காட்டும்.

2. அடுக்குகளாகப் பிரித்தல்

ஒவ்வொன்றையும் தனி அடுக்கில் வரைக.

அ. வானம்
ஆ. கிரேட் வெஸ்டர்ன் மலைத்தொடர்
இ. நடுக் குன்று: லயன்கள், தேயிலைத் தொழிற்சாலை, வளைந்து செல்லும் பாதை
ஈ. வீரன் ஓடும் அண்மை நிலம்: தேயிலைச் செடிகள், கான், படிக்கட்டு

3. நிறம்

வளியானது நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறச் செய்கிறது. எனவே தூர மலை வெளிறிய நீலமாகத் தெரியும். பச்சை அங்கே அநேகமாகத் தெரியாது. அருகே வர வர நிறம் அடர்த்தியாகும். ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் கூடும். எல்லா மலைகளுக்கும் ஒரே பச்சையைப் பூசினால் படம் தட்டையாகிவிடும்.

4. நுணுக்கம்

அண்மைச் செடியில் இளங்கொழுந்தை மஞ்சள் கலந்த பச்சையிலும் முற்றிய இலையைக் கரும்பச்சையிலும் தீட்டுக. நடுக் குன்றில் இலைகள் வேண்டாம். குன்றின் வளைவைப் பின்பற்றும் நிரைகள் போதும். தூர மலையில் விளிம்புக் கோடு மட்டும் போதும். வீரனுக்கு நேர் பின்னால் நுணுக்கம் அதிகமானால் வீரன் கண்ணில் படமாட்டான்.

5. அசைவும் அகலமும்

புகையிரதத்தில் செல்லும்போது அருகிலுள்ள மரங்கள் வேகமாகவும் மலைகள் மெதுவாகவும் பின்செல்வதைக் கண்டிருப்பீர்கள். விளையாட்டிலும் அடுக்குகள் அவ்வாறே அசைக்கப்படும். 1982 இல் வெளிவந்த 'மூன் பெட்ரோல்' இம்முறையைப் பிரபலப்படுத்திய விளையாட்டுகளில் ஒன்றாகும்.

திரை அகலம் 1920 பிக்சல், விளையாட்டுத் தளத்தின் அகலம் 5000 பிக்சல் எனக் கொள்வோம். திரை நகரும் தூரம் 5000 − 1920 = 3080.

தேவையான அடுக்கு அகலம் = திரை அகலம் + (நகரும் தூரம் × வேக விகிதம்)

வானம் (0): 1920
தூர மலை (0.1): 1920 + 308 = 2228
நடுக் குன்று (0.4): 1920 + 1232 = 3152
அண்மை நிலம் (1): 1920 + 3080 = 5000

6. சேமித்தல்

அடுக்குகளைத் தனித்தனிக் கோப்புகளாக பீஎன்ஜி வடிவில் சேமிக்க. ஜேபெக் வடிவில் ஒளிபுகும் பகுதி அமையாது. முன் அடுக்கு பின்னாலுள்ள மலையை மறைத்துவிடும்.

கவனிக்க

தேயிலைப் பெட்டிகளில் அச்சாகும் மலைக்காட்சிகளில் பெரும்பாலும் லயன்கள் இருப்பதில்லை. ஆனால் நிரை, கான், பாதை, படிக்கட்டு எல்லாம் மனிதக் கைகள் செய்தவை. அவற்றைச் செய்தவர்களின் வீடுகளை விட்டுவிட்டு வரைந்தால் அது நீங்கள் பார்த்த மலை ஆகாது. தகரக் கூரையையும் கொடியில் காயும் துணியையும் நடுக் குன்றில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. தூர மலையை வெளிறிய நீலத்தில் தீட்டுவதற்கான காரணம் யாது?
2. தள அகலம் 4000 பிக்சல், திரை அகலம் 1920 பிக்சல், வேக விகிதம் 0.2 எனின் அடுக்கின் அகலத்தைக் காண்க. (விடை: 2336 பிக்சல்)
3. உங்கள் தோட்டத்தில் ஓரிடத்தைத் தெரிந்து, மேற்கூறிய நான்கு அடுக்குகளுக்கும் பென்சில் மாதிரி வரைக.