உங்க ஏரி மீன் எந்த ஆற்றைச் சேர்ந்தது?

சேக்காடு ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய், "என்ன மீன்ணே மாட்டுது?" என்று கேட்டுப் பாருங்க. "ஜிலேபிதான் தம்பி, வேற என்ன?" என்பார். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எந்த ஏரிக்குப் போனாலும் பெரும்பாலும் இதே பதில்தான். "முன்னாடி என்னென்ன இருந்துச்சு?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்க. கொஞ்சம் யோசித்துவிட்டு விரால், குறவை, ஆரல், அயிரை, பனையேறி கெண்டை என்று விரலை மடக்க ஆரம்பிப்பார்.

அவர் விரல் மடக்கி எண்ணுகிற அந்தக் கணக்கை எழுதி வைப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லாமல், எந்தத் தண்ணீரில், எந்தத் தேதியில், எந்த இடம் வரை என்று வரைபடமாக எழுதவேண்டும். அதற்குத் தேவையானது உங்க கையில் இருக்கிற போன்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வரைபடத்தில் ஏரியைத் தேடி, அதன் மேல் ஒரு புள்ளி வைத்து 'விரால்' என்று எழுதினால் அது மீன் வரைபடம் ஆகிவிடாது. பறவைக்கு அது போதும், பறந்து வந்துவிடும். மீன் தண்ணீர் வழியாகத்தான் வரமுடியும். அதனால் மீனுக்கு வரைபடம் போடுகிறவர்கள் ஊர் எல்லை, வார்டு எல்லையைப் பார்க்கமாட்டார்கள். வடிநிலத்தைப் பார்ப்பார்கள். ஒரு பரப்பில் விழுகிற மழையெல்லாம் கடைசியில் ஒரே ஆற்றில் போய்ச் சேருமானால், அந்தப் பரப்பு முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம். தமிழ்நாட்டை நீர்வளத்துறை 17 வடிநிலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாம் இருப்பது சென்னை வடிநிலம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு நான்கும் அதில் அடக்கம்.

நமக்குச் சுவாரசியமானது இதற்கு அடுத்த படி. மேற்குப் புறநகரில் பக்கத்துப் பக்கத்து ஊர்களே வேறுவேறு ஆற்றைச் சேர்ந்தவை. பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் கூவம் போகிறது. அம்பத்தூர் மண்டலத்தின் பல பகுதிகளில் மழைநீர் வடிகால் வேலை கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில் நடந்தது. அந்தத் தண்ணீரின் முடிவு எண்ணூர் கழிமுகம். கூவத்தின் முடிவோ நேப்பியர் பாலம். இரண்டு பக்கமும் அதே விரால் இருக்கலாம். ஆனால் அது வந்த வழியும் வேறு, அதற்கு வரும் ஆபத்தும் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது அடிபட்டது கொசஸ்தலையாற்றின் வாய். "அதற்கு முந்தின மாதம் இங்கே என்னென்ன மீன் இருந்தது?" என்று கேட்டால், பதில் சொல்ல முந்தின மாதத்துப் பதிவு வேண்டும். சம்பவம் நடந்த பிறகு அதைத் தயாரிக்க முடியாது.

உலகத்தில் இந்த வேலையை மிக நுணுக்கமாகச் செய்திருப்பது சால்மன், ட்ரவுட் மீன்களுக்குத்தான். (நம் மீன் கடையிலும் ஆப்பிலும் 'இந்தியன் சால்மன்' என்று வருகிறதே, அது காலா மீன். கடல் மீன்தான், சால்மனுக்குச் சொந்தம்கூடக் கிடையாது.) உண்மையான சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறேறி வருவது. அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் ஒவ்வொரு ஓடையையும் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தத் துண்டில் முட்டையிடும், இந்தத் துண்டில் குஞ்சு வளரும், இது வெறும் போக்குவரத்துப் பாதை என்று குறித்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, எங்கே தடை இருக்கிறது என்றும் குறித்திருக்கிறார்கள். கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை 1942ல் முடிந்தது. மீன் ஏற அதில் வழி கிடையாது. அணைக்கு மேலே சால்மன் வரைபடம் அப்படியே நின்றுபோனது.

பெரிய அணைதான் என்றில்லை. சாலைக்கு அடியில் தண்ணீர் போகப் போடுகிற குழாய்ப் பாலம் இருக்கிறதே, நம்ம ஊர் கல்வெர்ட், அதுவே போதும். குழாயின் வாய் ஓடையைவிட உயரத்தில் இருந்தால் மீன் ஏறாது. வாஷிங்டன் மாநிலத்தில் பழங்குடி மக்கள் இதற்காக வழக்குப் போட்டார்கள். 2018ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிய, மீனை மறிக்கும் கல்வெர்ட்டுகளை மாநில அரசு சரிசெய்யவேண்டும் என்ற கீழ் நீதிமன்ற உத்தரவு அப்படியே நின்றது. ஒவ்வொரு கல்வெர்ட்டுக்கும் மேலே எவ்வளவு நீளத்துக்கு மீன் வாழக்கூடிய ஓடை அடைபட்டுக் கிடக்கிறது என்று பார்த்து, எதை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்கிறார்கள். வரைபடம் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடமுடியாது.

"அது அமெரிக்கா" என்று தள்ளிவிடாதீங்க. இதே கதை நம் காவிரியிலும் இருக்கிறது, அதுவும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே, நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட். அது நம் மீன் இல்லை. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த, பிற்பாடு இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் அதைக் கொண்டுவரப் பார்த்து முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாக பவானிக்கும், பவானி காவிரிக்கும் போகிறது. தண்ணீர் வழி திறந்திருந்தாலும் ட்ரவுட் சமவெளிக்கு இறங்காது. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் அதற்கு வேண்டும். அதன் எல்லையைப் போடுவது வெப்பநிலை.

கீழே, அதே காவிரியின் கடல் முகத்தில், உள்ளம். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுகிற அதே மீன். சால்மன் மாதிரியே கடலில் வாழ்ந்து, வெள்ள காலத்தில் முட்டையிடக் கொள்ளிடம் வழியாக ஏறி வந்தது. குறுக்கே கட்டிய அணைக்கட்டுகள் வழியை மறித்தன. 1934ல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளம் வரும் காலமும் அளவும் மாறிப்போய், காவிரியில் உள்ளம் பிடிப்பு சரிந்தது. அதன் எல்லையைப் போட்டது மனிதக் கட்டுமானம். ஒரே வடிநிலத்தில் இரண்டு மீன், இரண்டு விதமான எல்லை.

இப்போது போனை எடுங்க. மேப்பைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, சேக்காடு ஏரியைத் தேடுங்க. அல்லது உங்க ஊர் ஏரியை. ஏரியின் ஒரு பக்கம் வளைந்த கோடுபோல அழுத்தமாகத் தெரியும், மரங்கள் வரிசையாக நிற்கும். அதுதான் கரை. எதிர்ப்பக்கம் ஓரம் ஒழுங்கில்லாமல் மங்கிப்போயிருக்கும். தண்ணீர் அந்தப் பக்கமாக வருகிறது. கரையில் மதகு எங்கே, கலங்கல் எங்கே என்று பாருங்க. மதகு பாசனத்துக்குத் திறப்பது. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம் கலங்கல். மீன் வரைபடத்துக்கு நமக்கு வேண்டியது அதுதான். படத்தில் தெரியவில்லை என்றால் நேரில் போய்ப் பாருங்க, இல்லை அந்தத் தூண்டில்காரரையே கேளுங்க, கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

கலங்கலில் இருந்து கால்வாய் எங்கே போகிறது? விரலால் தொடர்ந்து போங்க. எந்தத் தெருவுக்கு அடியில் நுழைகிறது, ரயில் பாதையை எங்கே தாண்டுகிறது, அடுத்து எந்த ஏரியில் விழுகிறது என்று பாருங்க. ஒவ்வொரு தாண்டுமிடத்தையும் ஒரு பின் போட்டுச் சேமியுங்க. நடுவில் கால்வாய் திடீரென்று காணாமல் போகும். அது மூடின வடிகாலாக இருக்கலாம், குப்பை மேடாக இருக்கலாம், வீட்டு மனையாகவும் இருக்கலாம். இங்கேதான் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையதளம் கைகொடுக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடு கிடைக்கும். நிலம் ஏரி என்றோ வாய்க்கால் என்றோ புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். சில இடங்களில் நகரப் புல எண் வேறாக இருக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வழி கிடைத்துவிட்டது. இனி மீன். ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. மீனைப் பக்கவாட்டில் வைத்து, தலையும் வாலும் துடுப்புகளும் தெரியும்படி ஒரு படம் எடுங்க. மீசை இருந்தால் முகத்தை நெருங்கி இன்னொரு படம். இடமும் தேதியும் தானாகப் பதியும்படி லொகேஷனை ஆன் செய்துகொள்ளுங்க. பதிவேற்றினால் ஆப் ஒரு பெயரை ஊகிக்கும். அது தப்பாகவும் இருக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் அது ஆய்வுத்தரப் பதிவாகும். அந்தப் பதிவுகள் உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும். குறிப்பு எழுதும் இடத்தில், ஊரில் அந்த மீனுக்கு என்ன பெயர் சொல்கிறார்களோ அதையும் தமிழிலேயே போடுங்க. தேளி மீன் கிடைத்தால் மட்டும் கையில் பிடித்துக் காட்டவேண்டாம். முள் குத்தினால் விஷக்கடுப்பு, இரண்டு நாளைக்குப் போனையே தொடமுடியாது.

நாலைந்து பதிவு சேர்ந்ததும் பட்டியலைப் படித்துப் பாருங்க. அது பேச ஆரம்பிக்கும். விரால், குறவை, தேளி, பனையேறி கெண்டை இவையெல்லாம் மேலே வந்து காற்றைக் குடித்துச் சுவாசிக்கக்கூடியவை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். உங்க பட்டியலில் இவை மட்டும்தான் இருக்கின்றன, அயிரையோ சின்னக் கெண்டையோ இல்லை என்றால், தண்ணீரைச் சந்தேகப்படலாம். ஜிலேபி 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். மோசமான தண்ணீரிலும் பெருகும். ஆப்பிரிக்கன் கெளுத்தியை வளர்க்கவே நம் நாட்டில் தடை. வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் பாவம் பார்த்து ஏரியில் விடுகிறோமே, அந்த டேங்க் கிளீனர் மீன், கருத்த முரட்டுத் தோலோடு சென்னை ஏரி வலைகளில் சிக்குகிறது. வலையைக் கிழிக்கும், தின்ன ஆளில்லை. இந்த மூன்றும் எந்த ஏரியில் இருந்தாலும் வெள்ளத்தில் கலங்கல் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகும். இப்போது அவை எந்த ஏரி வரை வந்திருக்கின்றன என்பது, ஒவ்வொரு ஏரியிலும் ஒருவராவது படம் எடுத்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் தேடுங்க: விலாங்கு. சால்மனுக்கு நேரெதிர். ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் மறுபடி ஆறேறி வரும். கூவத்தின் வழியில் ஒரு விலாங்கு ஏறி வரவேண்டுமானால் நேப்பியர் பாலத்தருகே முகத்துவாரத்தில் மணல்திட்டு மறிக்காமல் இருக்கவேண்டும், நகரத்துக்குள் ஓடும் கழிவுநீரைத் தாண்டவேண்டும், அதன்பிறகு அணைக்கட்டு, கலங்கல், கல்வெர்ட் ஒவ்வொன்றையும் ஏறவேண்டும். கூவம் பக்கத்து ஏரி ஒன்றில் விலாங்கு கிடைத்தால் அந்த ஒரு படம் இத்தனை விஷயம் சொல்லும்.

மீன் ஒன்றுகூட மாட்டாத நாளையும் எழுதணும். ஆப்பில் 'இல்லை' என்று பதிய வழி கிடையாது. ஒரு நோட்டிலோ போனிலோ தேதி, இடம், எவ்வளவு நேரம், தூண்டிலா வலையா என்று குறித்து வையுங்க. யாரும் தேடாததால் காலியாக இருக்கும் இடமும், தேடியும் கிடைக்காததால் காலியாக இருக்கும் இடமும் வரைபடத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த நோட்டுதான்.

மீன் செத்து மிதந்தால் காலையிலேயே போய்ப் படம் எடுங்க. பாசி மண்டிய ஏரியில் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகவும் குறையும் என்பதால் மணி முக்கியம். எந்தெந்த மீன் செத்தது, எது உயிரோடு இருக்கிறது, எந்தக் கால்வாய் வாயருகே அதிகம் என்பதைச் சேர்த்து 1100 எண்ணில் புகார் பதிவு செய்யுங்க. அந்த மீனை எடுத்துச் சமைக்கவேண்டாம், பூனைக்கும் போடவேண்டாம்.

சேர்ந்த பட்டியலை என்ன செய்வது? 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். மக்கள் பல்லுயிர் பதிவேடு என்று ஒன்றை அது பராமரிக்கவேண்டும். உங்க வார்டில் பகுதி சபை கூடும்போது, இந்தப் பதிவேட்டில் நம் ஏரிப் பக்கம் இருக்கிறதா என்று கேளுங்க. இருந்தால் மீன் பெயர்களைச் சரிபாருங்க. இல்லையென்றால் உங்க பட்டியலையும், கலங்கலில் இருந்து நீங்க பின் போட்டு வந்த அந்தக் கால்வாய் வழியையும் பிரின்ட் எடுத்துக் கொடுங்க. போகும்போது தூண்டில்காரரையும் கூட்டிட்டுப் போங்க. பெயரில் சந்தேகம் வந்தால் அவர்தான் சொல்லணும்.