டிஎச்சிபி, விலான்: திருவிழா நெட்வொர்க் போடுவது எப்படி?



போன வருஷ சிம்போசியம் ஞாபகம் இருக்கா? கூட்டம் அதிகமாகவே, காலை 11 மணிக்கு இரண்டாவது ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டரைத் திறந்தோம். நாலு லேப்டாப், நாலு கேபிள், எல்லாத்துலயும் லைட் பச்சையா எரியுது. ஆனா எதுலயும் நெட் வரலை. ஐபி அட்ரஸைப் பார்த்தா 169.254-ல் ஆரம்பிக்குது. கேபிளை மாத்தினோம், ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். வெளியூரில் இருந்து பஸ் ஏறி வந்தவங்க அரை மணி நேரம் திருச்சி வெயிலில் நின்னாங்க.

காரணம் ரொம்பச் சின்னது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு /24 போட்டிருந்தோம். அதில் கிடைப்பது 254 அட்ரஸ்தான். காலையில் வந்த மொபைல் எல்லாம் வைஃபையில் ஏறி அத்தனையையும் எடுத்துக்கிச்சு. லீஸ் 24 மணி நேரம். போன் வீட்டுக்குப் போயாச்சு, ஆனா அதன் அட்ரஸ் மறுநாள் வரைக்கும் யாருக்கும் கிடையாது. 169.254 என்று வந்தால் "டிஎச்சிபி எனக்குப் பதில் சொல்லலை, நானே ஒண்ணு வெச்சுக்கிட்டேன்" என்று லேப்டாப் சொல்வதாக அர்த்தம்.

தற்காலிக நெட்வொர்க்கில் பல நேரம் முதலில் தீர்ந்துபோவது ஸ்பீடு இல்லை, அட்ரஸ். அதனால கேபிள் இழுக்கும் முன்னாடியே இரண்டு கேள்விக்குப் பதில் வேணும்: யார் யாரோடு இருக்கணும்? எவ்வளவு நேரம் இருப்பாங்க? முதல் கேள்விக்குப் பதில் விலான், இரண்டாவதுக்கு டிஎச்சிபி லீஸ்.

பிராகாரம் மாதிரி பிரிங்க

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரம். சித்திரை வீதியில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது உள் பிராகாரத்தை நேரடியா நெருக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகணும்னா கோபுர வாசல் வழியாத்தான் போகணும். விலானும் இதேதான். ஸ்விட்ச் ஒண்ணுதான், ஆனா ஒரு விலானில் கிளம்பும் பிராட்காஸ்ட் அடுத்த விலானுக்குள் போகாது. போக ஒரே வாசல், லேயர் 3 கேட்வே. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்ற காவலை, அதாவது ஆக்சஸ் லிஸ்ட்டை, அங்கேதான் நிறுத்துவோம்.

1998-ல் வந்த 802.1க்யூ தரம் ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் டேக் ஒன்றைச் செருகுது. அதில் விலான் எண்ணுக்கு 12 பிட். 4096-ல் 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை, மீதி 4094 நமக்கு.

ஒரு பயிற்சி

வைகுண்ட ஏகாதசியையே எடுத்துக்குவோம். பகல்பத்து 10 நாள், இராப்பத்து 10 நாள். கூட்டத்துக்காகக் கூடுதல் கேமரா, கட்டுப்பாட்டு அறை, உதவி மையம் எல்லாம் வருஷா வருஷம் முளைக்கும், முடிஞ்சதும் கழட்டுவாங்க. அந்த மாதிரி ஒரு நெட்வொர்க்கை உங்க கையில் கொடுத்தா எப்படிப் பிரிப்பீங்க? என்னோட கணக்கு இது:

விலான் 10: ஸ்விட்ச் நிர்வாகம், 10.20.10.0/24
விலான் 20: கேமரா, 10.20.20.0/24
விலான் 30: உதவி மையம், மருத்துவ முகாம், 10.20.30.0/24
விலான் 40: பொது வைஃபை, 10.20.40.0/21

கடைசியில் மட்டும் ஏன் /21? மணிக்கு 500 போன் வருது, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போகுதுன்னு வைங்க. எட்டு மணி நேரத்தில் 4000 போன். லீஸ் 24 மணி நேரம்னா 4000 அட்ரஸும் வேணும். லீஸை ஒரு மணி நேரமாக்கினா, போன் பாதி நேரத்தில், அதாவது 30 நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கும். கிளம்பிப் போன போனின் அட்ரஸ் அதிகபட்சம் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துடும். ஆக, ஒரு சமயத்தில் பிடிபட்டிருப்பது அதிகபட்சம் 1000. /21-ல் 2046 இருக்கு, நிம்மதி.

இங்கே ஒரு பொறி. விலான் எண் 50-ன்னு வெச்சு, அழகா இருக்கேன்னு 10.20.50.0/21 போட்டீங்கன்னா தப்பு. /21-ல் மூன்றாவது எண் 8-ஆல் வகுபடணும். அந்த அட்ரஸ் உண்மையில் 10.20.48.0-ல் தொடங்கும் வலைக்குள் விழும்.

கேமராவுக்குக் குறுகிய லீஸ் வேண்டாம். அதன் மேக் அட்ரஸை வெச்சு ரிசர்வேஷன் போடுங்க. ரெக்கார்டர் தேடும்போது அதே இடத்தில் இருக்கணும்.

இன்னொண்ணு: லேப்டாப் முதலில் அனுப்பும் டிஸ்கவர் ஒரு பிராட்காஸ்ட். அது விலானைத் தாண்டாது. டிஎச்சிபி சர்வர் வேறு விலானில் இருந்தா, ஒவ்வொரு விலானின் கேட்வேயிலும் ரிலே போடணும். சிஸ்கோவில் இதுக்கு ஐபி ஹெல்பர் அட்ரஸ்னு பேர்.

ஸ்விட்ச்சில் கவனிக்க வேண்டியவை

1. கருவி மாட்டும் போர்ட் ஆக்சஸ், ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போவது ட்ரங்க். ஓடிக்கிட்டிருக்கும் சிஸ்கோ ட்ரங்கில் புது விலானை அனுமதிக்கும்போது "ஆட்" என்ற சொல்லை மறந்தா, பழைய பட்டியல் மொத்தமும் அழிஞ்சு புதுசு மட்டும் நிக்கும். கேமரா எல்லாம் ஒரே நொடியில் இருட்டாகும்.

2. டிஎச்சிபி ஸ்னூப்பிங் போடுங்க. யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து லான் போர்ட்டில் சொருகினா, அதுவும் அட்ரஸ் கொடுக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் யார் முதலில் ஆஃபர் கொடுக்கிறாங்களோ அவங்க பேச்சைத்தான் லேப்டாப் கேட்கும். ஸ்னூப்பிங் இருந்தா, நம்பகமான போர்ட் தவிர மத்ததிலிருந்து வரும் ஆஃபரை ஸ்விட்ச் தூக்கிப் போட்டுடும். சர்வர் பக்கம் போகும் அப்லிங்க்கை ட்ரஸ்ட் பண்ண மறந்துடாதீங்க. மறந்தா யாருக்குமே அட்ரஸ் வராது.

3. ஆக்சஸ் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட். இல்லைன்னா ஸ்பானிங் ட்ரீ 15 + 15 நொடி காக்க வைக்கும். அதுக்குள்ள லேப்டாப் பொறுமையிழந்து 169.254-க்குப் போயிடலாம். கூடவே பிபிடியு கார்டும் போடுங்க. தவறி யாராவது அந்தப் போர்ட்டில் இன்னொரு ஸ்விட்ச்சை மாட்டினா போர்ட் தானா மூடிக்கும்.

4. கான்ஃபிகை சேவ் பண்ணுங்க. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடி போதும், சேவ் பண்ணாத உழைப்பு மொத்தமும் காலி.

முந்தின நாள் ராத்திரி

ஒவ்வொரு விலானிலும் ஒரு லேப்டாப்பை மாட்டி, சரியான வலையில் அட்ரஸ் வருதான்னு பாருங்க. பொது வைஃபையில் இருந்து கேமராவைப் பிங் பண்ணிப் பாருங்க. பதில் வரக்கூடாது, வந்தா உங்க வாசலில் காவல் இல்லைன்னு அர்த்தம். அப்புறம் ஒரு ஸ்விட்ச்சின் பவரைப் பிடுங்கி மறுபடி மாட்டுங்க. எந்தப் போர்ட்டில் எது இருக்குன்னு ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் மேலேயே ஒட்டுங்க. கழட்டும்போதும் அந்தத் தாள்தான் உதவும்.

இதெல்லாம் வெறும் மார்க்குக்கான விஷயம் இல்லை. குழந்தையைத் தவறவிட்ட ஒரு அம்மா உதவி மையத்துக்கு ஓடி வரும்போது, அங்கிருக்கிற லேப்டாப்பில் நெட் இருக்கணும். வாசலில் யாரோ ரீல்ஸ் பார்க்கிறாங்கன்னு அது நின்னுபோகக் கூடாது. அதுக்குத்தான் 30 வேற, 40 வேற.

இந்த வருஷ சிம்போசியத்துக்கு இரண்டாவது கவுன்ட்டரைத் தைரியமா திறப்போம். லேபில் இரண்டு பழைய ஸ்விட்ச் சும்மா தூங்குது, ஒரு மத்தியானம் எடுத்துப் போட்டுப் பாருங்க.