நாளும் ஒரு படி

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் முன்னோர் வாக்கு. குற்றாலத்து அருவி பாறையை ஒரே நாளில் வழவழப்பாக்கிவிடவில்லை. தொழிலும் திருச்சபையும் அவ்வாறே நாளும் செம்மையுற வேண்டியவை.

இதனை ஜப்பானியர் 'கைசென்' என்பர். நல்ல மாற்றம் என்பது அதன் பொருள். திட்டமிடு, செய்துபார், சரிபார், திருத்து என்பன நான்கு படிகள். திருத்திய பின் மீண்டும் முதற்படி!

நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912-இல் பேருந்துத் தொழிலில் இறங்கினார். நேரந் தவறாமை என்ற ஒழுங்கை விடாது காத்துப் பெயர் பெற்றார். அவர் வழிவந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்திற்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது.

பெரிய நிறுவனங்களுக்குத்தானே இது என்று எண்ண வேண்டாம், தோழியரே! எங்களுள் ஒருத்தியின் தாயார் செங்கோட்டையில் சிறு தையற்கடை நடத்துகிறார்கள். சொன்ன நாளில் ரவிக்கை கிடைக்காமையால் வாடிக்கையாளர் குறைந்தனர். வீட்டுச் செலவே கடினமாயிற்று. நாங்கள் ஒரு மாதம் மாலைதோறும் தாமதங்களையும் அவற்றின் காரணங்களையும் நோட்டில் எழுதினோம். அதைக் கண்டு தாயார் முதலில் வருந்தினார்கள். குறை எழுதுவது பழிப்பதற்கன்று என உணர்ந்ததும் தாமே எழுதத் தொடங்கினார்கள். தையலில் தாமதம் இல்லை. நிறத்திற்கேற்ற நூலும் லைனிங் துணியும் தீர்ந்த பின் தென்காசிக்கு ஓடியதே காரணம்! இப்போது சனிக்கிழமைதோறும் இருப்பைப் பார்க்கிறார்கள். விலகிப் போனவருள் சிலர் திரும்பி வந்துள்ளனர்.

திருச்சபையும் தன்னைத் திருத்திக்கொண்டே வருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடந்தந்தது. இலத்தீன் ஒலித்த பீடத்தில் தமிழ் ஒலித்தது. சில திருத்தங்களுக்குத் துணிவும் வேண்டும். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. எதிர்ப்பும் வழக்கும் வந்தன. ஆனால் சுவர் மீண்டும் எழவில்லை.

எங்கள் பங்கிலும் ஒரு சிறு முயற்சி செய்தோம். நாங்கள் வாசிக்கும் வாசகம் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒரு பாட்டி கூறினார்கள். முதலில் எங்களுக்கு மனம் சுருங்கிற்று. பிறகு சனிக்கிழமை மாலையில் ஒருத்தி வாசிக்க, ஒருத்தி பின்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பழகினோம். இன்று பாட்டி தலையசைத்துப் புன்னகைக்கிறார்கள்.

குறை கூறுபவர் நம் பகைவரல்லர். நாம் காணாததைக் காட்டும் கண்ணாடி அவர். இன்று ஒரு குறையைக் கண்டு, நாளை அதனைத் திருத்துவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி