முதல் சொந்த ஸ்கீ வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு

வீரகேரளம்புதூரில், சிற்றாற்றங்கரையில் வளர்ந்தவளுக்குப் பனிமலையில் என்ன வேலை என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். பட்டாளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன், காஷ்மீர் போனேன், குல்மார்க்கில் சறுக்கக் கற்றேன். அவ்வளவுதான் கதை. இப்போது நம் பக்கத்துப் பெண்களும் குல்மார்க், அவுலி என்று இரண்டு மூன்று சீசன் வாடகை ஸ்கீயில் ஓடிவிட்டு, "சொந்தமா ஒரு ஜோடி வாங்கலாமா பெரியம்மா?" என்கிறீர்கள். திருப்பம் கைவந்தவர்களுக்குத்தான் இது. இன்னும் விழுந்து எழுகிறவள் வாடகையிலேயே இருக்கட்டும்.

1. முதலில் பூட்ஸ். காசு பற்றாவிட்டால் ஸ்கீயைத் தள்ளிப்போடு, பூட்ஸைத் தள்ளாதே. நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். செருப்புக்கடை வழக்கப்படி ஒரு விரல் இடம் விட்டு வாங்கினால் குதிகால் உள்ளே ஆடும். காலுறை ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியதாக.

2. 'பெண்களுக்கானது' என்றால் பூப்போட்டது என்று பொருளில்லை. நம் உடம்பின் எடை ஆண்களுக்கு இருப்பதைவிடக் கீழே, சற்றுப் பின்னே தங்குகிறது. அதனால் பைண்டிங் கொஞ்சம் முன்னே வர வேண்டும். உள்ளிருக்கும் கட்டையும் லேசாக இருக்க வேண்டும். ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைச் சொல்லிச் சொல்லித்தான் கம்பெனிகளின் காதில் ஏறியது. இன்றும் சிலர் ஆண்கள் ஸ்கீக்கே நிறம் மாற்றி விற்கிறார்கள். விவரப் பட்டியலை ஒப்பிட்டுப் பார். வேகமாக ஓடுகிறவளுக்கு டைட்டனால் என்ற உலோகத் தகடு வைத்தது நல்லது: நார்டிகா சாண்டா ஆனா, வோல்கல் சீக்ரெட் போன்றவை. உயரமும் பலமும் உள்ளவள் ஆண்கள் ஸ்கீயே வாங்கலாம், வெட்கமென்ன?

3. அகலம்தான் பெரிய விஷயம். குற்றாலத்தில் ஐந்தருவிப் பாறைக்கும் செண்பகாதேவி ஏற்றத்துக்கும் ஒரே செருப்பா போடுகிறோம்? குல்மார்க் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே இறக்கிவிடும். அங்கே சமன்செய்த பாதை கிடையாது, முழங்கால் அளவுக்குப் புதுப்பனி. நடு அகலம் 96 முதல் 104 மி.மீ. இருந்தால் மிதக்கும், 82 வைத்துக்கொண்டு போனால் புதையும். அவுலியில் பெரும்பாலும் இயந்திரம் அழுத்திய சரிவு. அங்கே 80 முதல் 88 போதும், விளிம்பிலிருந்து விளிம்புக்குச் சட்டென மாறும். இரண்டுக்கும் ஒரே ஜோடி என்றால் 90 முதல் 95க்குள் பார். இரண்டிலும் கொஞ்சம் குறைபடும், அதைத் தெரிந்தே வாங்கு. 2018இல் மணாலிப் பெண் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் ஸ்லாலமில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்து அதே மாதிரி ஸ்கீ கேட்காதே. பந்தய ஸ்கீயின் நடு சுமார் 65 மி.மீ.தான், புதுப்பனியில் கத்தி மாதிரி இறங்கிவிடும்.

4. நீளம், ஸ்கீயை நிமிர்த்தி நிறுத்தினால் உன் தாடைக்கும் நெற்றிக்கும் நடுவே. முனை மேல்நோக்கி வளைந்த ராக்கர் வகையில் கொஞ்சம் நீளம் கூடினாலும் தொந்தரவில்லை.

5. கடையில் கையால் வளைத்துப் பார்த்து மண்டையாட்டுவது வெறும் பாவனை. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்.

6. பைண்டிங்கில் பொய் சொல்லாதே. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், ஓட்டும் விதம், இவற்றை வைத்துத்தான் பூட்ஸ் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்ற டின் எண்ணை முடிவு செய்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் பூட்ஸ் கழன்றுவிடும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. ஒருமுறை வாடகைக் கடையில் எனக்கு முன் ஓட்டியவரின் எண்ணை மாற்றாமலே கொடுத்துவிட்டார்கள். விழுந்தபோது ஸ்கீ காலோடு சுற்றியது. நான்கு மாதம் படுக்கை. எண் சரியாக இருந்தாலும் முழங்கால் தசைநாருக்கு முழுக் காப்பு கிடையாது, ஏட்டி. பெண்களுக்கு அது கிழிவது ஆண்களைவிட அதிகம். தொடைக்குப் பலம் ஏற்றிக்கொண்டு மலை ஏறு. பூட்ஸ் அடி நடக்க வசதியாக வளைத்த கிரிப்வாக் வகையா என்பதையும் கேட்டு, அதற்குப் பொருந்தும் பைண்டிங்கை வாங்கு.

7. சீசன் முடிந்து ஊருக்குக் கொண்டுவந்தால் ஈரம் துடைத்து, அடிப்பக்கத்திலும் இரும்பு விளிம்பிலும் மெழுகைக் கெட்டியாகப் பூசி, சுரண்டாமல் வை. இரண்டையும் இறுக்கிக் கட்டாதே. ஆனி, ஆடிச் சாரல் காற்றில் வெறும் விளிம்பு ஒரு வாரத்தில் துரு ஏறும். என் ஜோடி பரணில் இருக்கிறது. 160 சென்டிமீட்டர், நடு 94. வந்து தூக்கிப் பாருங்கள்.