மதுரைப் பணித்தளத்தில் ‘பொறை’: தத்துவபோதகரின் அருட்பணி வாழ்வும் நீடிய பொறுமையின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவச் சீடத்துவத்தில் பொறுமை என்பது தனிமனித நற்பண்பாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அது ஒரு பணிமுறையாகவும் செயற்பட்டதை மதுரைப் பணித்தளத்தின் வரலாறு காட்டுகிறது. 1606 முதல் 1656 வரை தமிழ்ப் பகுதிகளில் வாழ்ந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலியின் வாழ்வை மொழி, குரு–சீடர் உறவு, திருச்சபை விசாரணை ஆகிய மூன்று களங்களில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பொறுமையின் சுமையைச் சாதியடுக்கில் தாழ்த்தப்பட்டோரும் ஏற்க நேர்ந்ததை எடுத்துக்காட்டி, பொறுமையை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பொறை, நீடிய பொறுமை, சீடத்துவம், மதுரைப் பணித்தளம், தத்துவபோதகர், பண்டாரசாமிகள்.

முன்னுரை

மதுரை நாயக்கர் ஆட்சிக்காலத்தில், 1595ஆம் ஆண்டு இயேசு சபையினர் மதுரையில் ஒரு பணித்தளத்தைத் தொடங்கினர். முன்னாள் படைவீரராகிய கொன்சாலோ பெர்னாண்டஸ் அதன் பொறுப்பேற்றார். வணிகத்தின்பொருட்டு நகருக்கு வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களின் தேவைகளை அவர் கவனித்து வந்தார். ஆயினும், பதினோர் ஆண்டுகள் கடந்தும் மதுரை நகரத்தாரிடையே அவரது போதனை வேரூன்றவில்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணிப்பு. 1606இன் இறுதியில் இத்தாலிய நாட்டவரான நொபிலி மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது.

பதினோர் ஆண்டுகள் ஓரிடத்தில் நிலைத்திருந்தவர் பெர்னாண்டஸ். அவரிடம் பொறுமை இல்லை என்று கூறவியலாது. அவ்வாறாயின், நொபிலியின் பொறுமை எவ்வகையில் வேறுபட்டது என்னும் வினா எழுகிறது. நிலைத்திருத்தல் வேறு, பொறுத்தல் வேறு என்பதைக் கருதுகோளாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

பொறை: சொல்லும் பொருளும்

‘பொறு’ என்னும் வினையடி தாங்குதல், சுமத்தல் என்னும் பொருள்களை உடையது. அதிலிருந்து கிளைத்த ‘பொறை’ என்னும் பெயர் சுமையையும் பொறுமையையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் பதினாறாம் அதிகாரமாகிய ‘பொறையுடைமை’ அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை முதல் உவமையாகக் கொள்வதும் இப்பொருளோடு இயைகிறது. ஆகவே தமிழ்மரபில் பொறுமை என்பது வெறுமனே காத்திருப்பதன்று. ஒன்றைத் தாங்கிக்கொண்டு நிற்பதாகும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இப்பண்பைச் சுட்ட இருவேறு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று, சுமையின்கீழ் விலகாது நிற்றலைக் குறிக்கும். மற்றொன்று, பிறரிடத்து விரைந்து சினம் கொள்ளாத நெடிய மனநிலையைக் குறிக்கும். தமிழ் விவிலிய வழக்கில் நிலைபெற்ற ‘நீடிய பொறுமை’ என்னும் தொடர் இவற்றுள் பின்னதற்கு உரியது. முன்னது சூழலை நோக்கியது. பின்னது மனிதரை நோக்கியது. இவ்விரு திசைகளையும் மதுரைப் பணித்தள வரலாற்றில் தனித்தனியே இனங்காண முடிகிறது.

முத்துக்குளித்துறை முன்னோடி

நொபிலிக்கு முன்னரே நெடுங்கால ஈடுபாட்டிற்கு முன்மாதிரி ஒன்று தென்கடற்கரையில் இருந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த அன்றீக் அடிகளார் 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1600இல் புன்னைக்காயலில் மறையும்வரை அப்பகுதி மக்களிடையே பணியாற்றினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’ ஆகியன அவரது உழைப்பின் பயன்கள். ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கு உதவும் இலக்கணம் ஒன்றையும் அவர் எழுதினார்.

எனினும், சமயக் கருத்துகளைக் குறிக்கப் போர்த்துக்கீசியச் சொற்கள் பலவற்றை ஒலிபெயர்ப்பாகவே வழங்க வேண்டிய நிலை அக்காலத்தில் இருந்தது. கிறித்தவம் ‘பரங்கி மார்க்கம்’ எனக் கருதப்பட்டதற்கு நடையுடையோடு இச்சொற்களும் காரணமாயின. நொபிலியின் பணி தொடங்கும் இடம் இதுவே.

மொழிவழிப் பொறுமை

மதுரைக்கு வருமுன் நொபிலி முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றார். மதுரையில் தமிழ்ப்பயிற்சியைத் தொடர்ந்ததுடன் தெலுங்கையும் பயின்றார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் வடமொழியும் கற்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்த நிலை இது. வெளியூர்த் துறவி ஒருவர் உள்ளூர் ஆசிரியரின் திருத்தங்களுக்குத் தம்மை உட்படுத்திக்கொள்வது தன்முனைப்பைத் துறக்கும் பயிற்சியாகவும் அமைந்தது.

இப்பயிற்சியின் விளைவு அவரது உரைநடையில் புலப்படுகிறது. இறைவனைச் ‘சர்வேசுரன்’ என்றும், மறையை ‘வேதம்’ என்றும், வழிபாட்டைப் ‘பூசை’ என்றும், திருமுழுக்கை ‘ஞானஸ்நானம்’ என்றும் அவர் வழங்கினார். ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ முதலிய நூல்கள் வினா எழுப்பி விடையிறுக்கும் தருக்க நெறியில் இயங்குகின்றன. எதிர்த்தரப்பின் கூற்றை முழுமையாக எடுத்துரைத்த பின்னரே மறுப்பு தொடங்கும் இந்நூல்களின் அமைப்பு, பிறர் பேசி முடிக்கும்வரை கேட்டிருக்கும் ஒருவரின் பழக்கத்தை உணர்த்துகிறது. நொபிலியின் வடமொழி கலந்த நடை இன்று கடினமாகத் தோன்றலாம். ஆயினும், தத்துவ விவாதத்திற்குரிய தமிழ் உரைநடையை வளர்த்தெடுத்ததில் அதற்குரிய இடம் மறுக்கவியலாதது. சவரிமுத்து இராசமாணிக்கம் அடிகளார் 1960களில் இந்நூல்களைப் பதிப்பித்த பின்னரே அவ்விடம் ஆய்வுலகில் தெளிவாக உணரப்பட்டது.

குரு–சீடர் உறவில் காலம்

‘சீடர்’ என்னும் சொல் விவிலியத்தில் கற்பவரைக் குறிக்கும். தமிழ்ச் சூழலில் அச்சொல்லோடு குருவின் இல்லம், நெடுங்காலப் பயிற்சி, வாழ்வைப் பார்த்துக் கற்றல் ஆகியனவும் இணைந்தே வருகின்றன. 1607 தொடங்கி நொபிலி தனிக் குடிலில் துறவியர்க்குரிய எளிய வாழ்வை மேற்கொண்டார். காவியுடை தரித்து, புலால் தவிர்த்து, நாளொன்றுக்கு ஒருவேளை உணவு உண்டார். அவரை நாடி வந்தோர் போதனைக்கு முன்னர் அவரது வாழ்க்கைமுறையையே கண்டனர்.

அவரது தொடக்கக்காலச் சீடருள் ஒருவர் பள்ளி ஆசிரியர். அவர் ஏறத்தாழ இருபது நாள்கள், நாள்தோறும் சில மணிநேரம் நொபிலியோடு வாதிட்ட பின்னரே திருமுழுக்குப் பெற்றதாக இயேசு சபையினரின் கடிதங்கள்வழி அறியமுடிகிறது. சிவதருமரோ ஆசிரியராக வந்து, நெடிய உரையாடலுக்குப் பின் 1609இல் சீடரானார். இவ்விரு நிகழ்வுகளிலும் ஐயம் தடையாகக் கருதப்படவில்லை. ஐயத்திற்குரிய காலத்தை அளிப்பதே போதனையின் பகுதியாயிற்று. பெர்னாண்டஸின் பதினோராண்டு நிலைத்திருத்தலிலிருந்து நொபிலியின் பொறுமை வேறுபடும் இடம் இதுவெனலாம். முன்னவர் தம் முறையை மாற்றாது மக்கள் மாறுவதற்காகக் காத்திருந்தார். பின்னவர் மக்களின் மொழியையும் வினாவையும் தாம் சுமந்தார்.

இவ்வேறுபாட்டைப் பெர்னாண்டஸுக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1616இல் அவர் எழுதிய, இந்துச் சடங்குகள் பற்றிய விரிவான தொகுப்பு அவரும் மதுரை வாழ்வைக் கூர்ந்து நோக்கியவர் என்பதற்குச் சான்று. நோக்கியதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதிலேயே இருவரும் பிரிந்தனர்.

விசாரணைக் காலம்

1610இல் பெர்னாண்டஸ் நொபிலியின் முறைகளைக் குறித்து மேலிடத்திற்கு முறையிட்டார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியன சமயச் சின்னங்களா அல்லது சமூக வழக்கங்களா என்பதே வழக்கின் மையம். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் நொபிலியை ஆதரித்தார். கோவாவில் எதிர்ப்பு வலுத்தது. 1619இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே நின்றனர். இறுதியில், 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் வெளியிட்ட ஆணை, மூடவழக்கங்களை நீக்கி அவ்வடையாளங்களைக் கைக்கொள்ள இசைவளித்தது.

முறையீட்டிற்கும் ஆணைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. இக்காலத்தில் நொபிலி சபையை விட்டு விலகவில்லை. தம் நிலைப்பாட்டைக் கைவிடவும் இல்லை. 1610, 1613, 1619ஆம் ஆண்டுகளில் இலத்தீனில் விளக்கவுரைகள் எழுதி, இந்திய நூல்களிலிருந்தும் திருச்சபை மரபிலிருந்தும் சான்றுகள் காட்டி வாதிட்டார். கீழ்ப்படிதலும் வாதிடுதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இது காட்டுகிறது. அநீதி எனக் கருதுவதை வாய்மூடி ஏற்பதே பொறுமை என்னும் எளிய விளக்கம் இவ்விடத்தில் பொருந்தவில்லை.

1623க்குப் பின் நொபிலி திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் எனப் பயணம் செய்தார். முதுமையில் பார்வை மங்கிய நிலையில் மதுரையைவிட்டு யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அங்கும் தம் நூல்களைப் பிறர் எழுதச் சொல்லித் திருத்தி வந்தவர், 1656 சனவரி 16 அன்று மறைந்தார்.

பொறுமையின் சுமை எவர் தோளில்?

நொபிலியின் பணிமுறை சாதியடுக்கைச் சமூக ஒழுங்காகக் கருதி ஏற்றுக்கொண்டது. உயர்சாதியினரிடையே வாழ்ந்த துறவி தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலாத நிலை உருவாயிற்று. தனித்தனி வழிபாட்டிடங்களும் தனித்தனிக் குருக்களும் தேவைப்பட்டனர். 1640இல் பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசாமியாகப் பணி தொடங்கியது இக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாகும். பண்டாரசாமிகள் தாழ்த்தப்பட்ட மக்களிடையே சென்று பணியாற்றினர். பிற்காலத்தில் மதுரைப் பணித்தளம் பரவியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் பிரிவினை நீங்கவில்லை. அது நிருவாக வடிவம் பெற்றது.

1623ஆம் ஆண்டு ஆணையே எளியோரை, குறிப்பாகக் கோவிலில், இகழலாகாது என்று உயர்குடிக் கிறித்தவர்களை வேண்டிக்கொண்டது குறிப்பிடத்தக்கது. குடுமிக்கும் பூணூலுக்கும் கிடைத்தது உடனடி இசைவு. எளியோர்க்குக் கிடைத்தது ஒரு வேண்டுகோள். உயர்சாதியினரின் வழக்கங்களின்மீது காட்டப்பட்ட நீடிய பொறுமைக்குரிய விலையைப் படிப்படியாக மாற்றம் வருமெனக் காத்திருந்த தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் செலுத்தினர்.

இதற்கு மாறான நிலைப்பாட்டையும் மதுரைச் சமவெளி கண்டுள்ளது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கப்பட்ட அமெரிக்க மதுரை மிஷன், 1847இல் சாதிவழக்கத்தைக் கைவிடுமாறு தம் உபதேசியார்களிடம் வலியுறுத்தியது. பலர் விலகினர். மிஷன் தன் நிலையிலிருந்து இறங்கவில்லை. அதனாலும் சாதியுணர்வு மறைந்துவிடவில்லை என்பது உண்மை. எனினும் இழப்பின் சுமையை அங்கு நிறுவனமே ஏற்றது. இவ்விரு முறைகளுள் எது வெற்றி பெற்றது என்பதைவிட, ஒவ்வொன்றிலும் சுமந்தவர் யார் என்பதே ஆய்வுக்குரிய வினாவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மதுரைப் பணித்தளத்தில் பொறுமை என்பது ஓரிடத்தில் நெடுங்காலம் இருத்தலாக மட்டும் அமையவில்லை. பிறர் மொழியையும் ஐயத்தையும் சுமக்கும் செயலாக அமைந்தபோதே சீடத்துவம் தோன்றியது. இரண்டாவதாக, அதிகாரத்தின்முன் பொறுமை என்பது மௌனம் அன்று. உறவை முறிக்காது சான்றுகளோடு தொடரும் வாதமும் பொறுமையின் வடிவமே. மூன்றாவதாக, ஒருவர் தாம் ஏற்கும் சுமை பொறையாகும். தம் பணிக்காகப் பிறர்மேல் ஏற்றும் சுமைக்கு அப்பெயர் பொருந்தாது. நொபிலி தம் உடலிலும் பெயரிலும் புலமையிலும் ஏற்றவற்றை முதல்வகையில் அடக்கலாம். தாழ்த்தப்பட்ட கிறித்தவர்களைக் காத்திருக்கச் செய்ததை அவ்வாறு அடக்கவியலாது.

நொபிலியைப் போற்றும் நூல்கள் முன்னதையும், அவரைக் கண்டிக்கும் நூல்கள் பின்னதையும் பெரிதும் எடுத்துரைக்கின்றன. பொறை என்னும் தமிழ்ச்சொல் தன்னுள் கொண்டுள்ள சுமை என்னும் பொருளை மறவாதிருப்பின், அவ்விரண்டையும் ஒரே வாழ்வின் இரு பக்கங்களாக வாசிக்க இயலும். பண்டாரசாமிகளிடம் போதனை கேட்ட எளிய மக்களின் தரப்பிலிருந்து மதுரைப் பணித்தள வரலாற்றை மீள எழுதுவது, இவ்வாசிப்பின் தொடர்ச்சியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.